மான் நின்ற தூரம்

திருகோணமலை நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், நான் முதலியாராக இருந்தேன். முதலியார் என்றதும் பல்லக்கில் வந்த பெரிய மனிதன் என்று நினைக்கவேண்டாம். கோட்டு மொழிபெயர்ப்பாளனுக்கு வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பட்டம் அது. சம்பளத்தைக் கூட்டாமல் மரியாதையை மட்டும் கூட்டும். சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் எங்கள் கோட்டில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. சாட்சி தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன், நீதவான் எழுதுவார். மூதூரிலிருந்து எல்லைச் சண்டை, நிலாவெளியிலிருந்து வலைச் சண்டை, பட்டணத்திலிருந்து புருஷன் பெண்சாதிச் சண்டை, எல்லாம் என் வாய்வழியாகத்தான் அரசாங்கத்தின் காதுக்குப் போயின. பத்து வருஷமாக ஊரார் திட்டிய தூஷணங்களையெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லியே எனக்கு ஆங்கிலம் திறமாகிவிட்டது.

மொழியைவிட இன்னொரு விஷயத்தில் எனக்குப் பேர் இருந்தது. அது தூரம். எங்கள் ஆட்களிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அடிக்கணக்கில் சொல்லமாட்டார்கள். கையை நீட்டி, "இங்கயிருந்து அந்தத் தூண் மட்டும்", "உங்கட கதிரையடியில இருந்து அந்த அலுமாரி மட்டும்" என்பார்கள். நீதவான் என்னைப் பார்ப்பார். நான் ஒரு கண்ணால் அளந்து, "ஏறக்குறைய இருபது அடி, ஐயா" என்பேன். இரண்டு பக்கத்துப் பிரக்கிராசிமாரும் தலையாட்டுவார்கள். நீதவான் அதை அடைப்புக்குறிக்குள் எழுதுவார். பிரக்கிராசி என்றால் வழக்கறிஞர். அப்படித்தான் அப்போது சொல்வோம். ஒருமுறை என் கணக்கைச் சோதிக்க நாடா போட்டு அளந்து பார்த்தார்கள். அரை அடிதான் வித்தியாசம். அந்தக் கதையை நான் எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பேன் என்று என் மனைவியைத்தான் கேட்கவேண்டும்.

இவ்வளவு பெருமையடிக்கிற மனிதன்தான் அந்த ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தான்.

வழக்கு இதுதான். இறக்கக்கண்டிக் கடற்கரையில், ஆள் வைத்து மீன்பிடி நடத்தும் ஒரு சம்மாட்டியாரின் வள்ளம் எரிந்துபோனது. உள்ளேயிருந்த வலையும் சாம்பல். அதே கரையில் யார் முதலில் வலை விடுவது என்று அவருக்கும் இன்னொரு மீன்பிடிகாரருக்கும் ஏற்கனவே வாய்த்தர்க்கம் இருந்தது. "உன்ர வள்ளம் இந்தக் கரையில எவ்வளவு நாளைக்குக் கிடக்குதெண்டு பாப்பம்" என்று அந்த மனிதர் பத்துப்பேர் கேட்கச் சொல்லியிருந்தார். கோபத்தில் சொல்கிற கதைதான். ஆனால் அடுத்த கிழமையே வள்ளம் எரிந்தால் பொலிஸ் வேறு எங்கே போகும்? அவரையே பிடித்தார்கள். அவருக்கு முப்பது வயதிருக்கும். மனைவி, இரண்டு பிள்ளைகள்.

கண்ட சாட்சி ஒரே ஒருவர். ஈச்சிலம்பற்றிலிருந்து வலை இழுக்க வந்து, சம்மாட்டியாரின் வாடிக் குடிசையில் தங்கியிருந்தவர். ஆரம்ப விசாரணையில் நீதவான் முன்பு அவர் சொன்னது எனக்கு இப்போதும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"விடியப்புறம் முகம் கழுவக் கடக்கரைக்குப் போனனான். வெளிச்சம் அவ்வளவா வரேல்ல. வள்ளத்தடியில இவர் குனிஞ்சு நிண்டவர். பிறகு ஓடீட்டார். அதுக்குப் பிறகுதான் நெருப்பைக் கண்டனான்."

"எவ்வளவு தூரத்திலிருந்து கண்டீர்?" என்று பொலிஸ் சார்ஜன்ட் கேட்டார்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் கோட்டு மண்டபத்துக்கு ஒரு பக்கம் அரைச்சுவர்தான்; முற்றம் முழுவதும் தெரியும். கோட்டைப் பக்கத்திலிருந்து மான்கள் பட்டணத்துக்குள் வந்து மேய்வது எங்களுக்குப் புதினமில்லை. வழக்கு நாள் என்றால் கட்டாயம் வரும். சனம் தின்றுவிட்டு எறிகிற வாழைப்பழத் தோலும் சோற்றுப் பார்சல் இலையும் அவற்றுக்குத் திருவிழா. சாட்சி கையை நீட்டினார்.

"இங்க நான் நிக்கிற இடத்தில இருந்து, அந்தா, அந்த மான் நிக்கிற இடம் மட்டும்."

நானும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் கொழும்பிலிருந்து வந்து ஒரு கிழமைதான். சிங்களவர், நல்ல மனிதர், தமிழ் தெரியாது. பேனாவை வைத்துவிட்டு எழும்பி நின்று முற்றத்தைப் பார்த்தார். கோட்டுக்குள் மானைச் சாட்சிக்கு இழுத்த வழக்கு அவருக்கு அதுதான் முதல். "என்ன அழகான பிராணி! ஆட்களுக்குப் பயமில்லையா?" என்று என்னைக் கேட்டார். "வாழைப்பழம் இருந்தால் பயமில்லை, ஐயா" என்றேன். கோடே சிரித்தது. சார்ஜன்ட் சிரித்தார். கூண்டில் நின்ற எதிரிகூடச் சிரித்தார். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோட்டில் எதிரி என்றுதான் சொல்வோம். எதிரி யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. சிரிப்பு அடங்கியதும் நீதவான் உட்கார்ந்து, "நான் நிற்கும் இடத்திலிருந்து அந்த மான் நிற்கும் இடம் வரையான தூரம்" என்று எழுதிப் புள்ளி வைத்தார்.

அந்தப் புள்ளிக்கு முன்னால் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். மான் முற்றத்தின் கோடியில், கம்பி வேலியடியில், தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் நின்றது. நூற்றைம்பது அடிக்குக் குறையாது. கண்ணால் அளந்தும் விட்டேன். ஆனால் என் பகிடிக்குக் கோடு சிரித்த சந்தோஷத்தில் நான் மிதந்துகொண்டிருந்தேன். நேரமும் பன்னிரண்டரை, வயிறு வேறு. நீதவானும் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.

எதிரியின் பிரக்கிராசியிடம், "குறுக்குக் கேள்வி உண்டா?" என்று கேட்கப்பட்டது. அவர் அடுத்த வழக்கின் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "கேள்வி இல்லை" என்றார். அது சோம்பல் இல்லை. எங்கள் பிரக்கிராசிமாரின் வழக்கம் அது. ஆரம்ப விசாரணையில் கேள்வி கேட்டால் நம் கையில் இருப்பதை எதிர்த்தரப்புக்குக் காட்டியதாகிவிடும். பெரிய வழக்கில் சாட்சியைக் கூண்டில் ஏற்றி, அப்போது பிய்த்து எறிவோம் என்பது அவர்கள் சாஸ்திரம். தகப்பன் பிரக்கிராசி மகன் பிரக்கிராசிக்குச் சொல்லிக்கொடுத்த சாஸ்திரம். சாட்சி பெரிய வழக்குக்கு வராமல் விட்டால் என்ன செய்வது என்று அதில் ஓர் அத்தியாயம் இல்லை.

சாட்சி வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, அதே கட்டிடத்தில், பெரிய நீதிபதி முன்னால் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதவான் மாறிப்போய்விட்டார். சார்ஜன்ட் மாறிப்போய்விட்டார். மாறாமல் இருந்தது நானும் பிரக்கிராசியாரும் மான்களும்தான். ஈச்சிலம்பற்று மனிதரைக் கூப்பிட்டால் ஆளில்லை. அழைப்பாணை கொண்டுபோன உத்தியோகத்தர் கூண்டில் ஏறி, மூன்று தரம் ஊருக்குப் போனேன், வெருகல் வரைக்கும் விசாரித்தேன், ஆள் கிடைக்கவில்லை, கப்பலில் வேலைக்குப் போய்விட்டதாகத் தமக்கை சொன்னார் என்று சத்தியம் பண்ணினார். முதல் தரம் அவர் உண்மையாகவே போனார். மற்ற இரண்டு தரமும் மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகைப் பார்த்ததும் அவருக்குத் தலைசுற்றியது என்பது துறைமுகத்தில் தேத்தண்ணி விற்கிறவருக்கும் தெரியும். சத்தியம் பண்ணினால் சத்தியம்தான். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

இனிச் சட்டம். சாட்சி செத்துப்போனால், அல்லது தேடியும் கிடையாமல் போனால், முன்பு நீதவான் முன் அவர் சொன்னதை வாசித்து, ஆள் வந்து சொன்னதாகவே ஏற்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: அன்றைக்கு எதிரியின் பக்கத்துக்குக் குறுக்குக் கேள்வி கேட்கச் சந்தர்ப்பம் இருந்திருக்கவேண்டும். கேட்டாரா என்பதல்ல, கேட்க இடம் இருந்ததா என்பதுதான். கொழும்பிலிருந்து வந்த, தமிழ் தெரியாத அரச வழக்கறிஞர் பழைய கட்டைத் தூக்கிக் காட்டினார். "கேள்வி இல்லை" என்று அதில் இருந்தது. சந்தர்ப்பம் இருந்தது, வேண்டாமென்று விட்டார். பிரக்கிராசியாரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

"கனம் கோட்டாரவர்களே, இந்தக் கடதாசியிடம் நான் எப்படிக் கேள்வி கேட்பது?" என்று எழும்பிக் கத்தினார்.

"அன்றைக்கு ஆளே நின்றாரே, கேட்டிருக்கலாமே" என்றார் நீதிபதி. இவரும் தெற்கிலிருந்து வந்தவர். தமிழ் தெரியாது, சிரிக்கவும் தெரியாது.

கடதாசி உள்ளே வந்தது. ஆங்கிலத்தில் வாசித்தார்கள், எதிரிக்கு விளங்க நான் தமிழில் சொன்னேன். அந்த மனிதர் தமிழில் சொன்னதை நான் ஆங்கிலமாக்கி, அதை நானே திரும்பத் தமிழாக்கி, அவர் நிற்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். மான் வந்த இடத்தில் நீதிபதி கையை உயர்த்தினார்.

"எந்த மான்?"

அங்கே தொடங்கியது கூத்து. பத்தடி தூரத்தில் மான் நின்றிருந்தால் சாட்சி முகத்தைக் கண்டிருப்பார், எதிரி மறியலுக்கு, அதாவது சிறைக்கு. வேலியடியில் நின்றிருந்தால் அந்த அரை இருட்டில் குனிந்து நின்றது ஆணா பெண்ணா என்றே சொல்ல ஏலாது, எதிரி வீட்டுக்கு. கடதாசியிலோ மான் மட்டும் இருக்கிறது, இடம் இல்லை. படித்த மனிதர்கள் இரண்டுபேர் ஒரு மணித்தியாலம் மானின் குணத்தைப் பற்றி வாதாடினார்கள். மான் கூச்சமுள்ள மிருகம், ஆளைக் கண்டால் ஓடும் என்றார் பிரக்கிராசியார். அவர் பிறந்ததே இந்தப் பட்டணத்தில், அவர் வீட்டு முற்றத்துப் பூக்கன்றுகளை மான் தின்று அவர் பெண்சாதி விளக்குமாற்றோடு துரத்துவதைத் தெருவே பார்த்திருக்கிறது. இந்த ஊர் மான் வாசற்படியில் வந்து நிற்கும் என்றார் அரச வழக்கறிஞர். முதல் நாள்தான் புகையிரதத்தில் வந்து இறங்கியவர். அவர் சொன்னது உண்மை.

கடைசியில் மத்தியானத்துக்குப் பிறகு முற்றத்தைப் போய்ப் பார்ப்பதாக நீதிபதி சொல்லிவிட்டு எழும்பினார்.

இடைவேளையில் பிரக்கிராசியார் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "முதலியார், நீர் நிண்டனீர்தானே. மான் எங்க நிண்டது?"

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த தூரத்தை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அரச வழக்கறிஞர் கேட்பார். என் பகிடியும் சிரிப்பும் பதிவாகும். கொழும்பில் பெரிய கோட்டு முதலியார் பதவிக்கு என் பேர் போயிருந்த மாதம் அது. பயம் வந்தது. வெட்கம் அதைவிடக் கூட வந்தது. அரை அடி பிசகாத மனிதனல்லவா நான்!

"சரியா ஞாபகமில்லை ஐயா" என்றேன்.

அவர் போனதும் எதிரியின் மனைவி வந்தார். தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். மெலிந்த பெண், கையில் சோற்றுப் பார்சல்.

"முதலியார் ஐயா, அண்டைக்கு அந்த மான் என்னட்டத்தான் நிண்டது. நான் பைப்படியில இருந்தனான். இவருக்கெண்டு கட்டிக்கொண்டு வந்த சோத்தை அதுதான் இழுத்துத் திண்டது. அந்தச் சாட்சிக்காரர் கை காட்டேக்க எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கினமெண்டு எனக்குச் சரியான வெக்கமாப் போச்சு."

"அப்ப அதைப் பிரக்கிராசியாரிட்டச் சொல்லன் பிள்ளை."

"சொன்னனான். பெண்சாதி சொன்னால் எடுக்கமாட்டினமாம். புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்லுறாள் எண்டு ஒரு சொல்லில முடிச்சுப் போடுவினமாம். நீங்கள் சொன்னால் எடுப்பினம் ஐயா. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"பாப்பம்" என்றேன். அரசாங்க உத்தியோகத்தன் பாப்பம் என்றால் என்ன கருத்து என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தலையைக் குனிந்து, "கடவுள் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார்" என்றுவிட்டுப் போனார். கடவுள் குறை வைக்கவில்லைத்தான். பதவி அடுத்த வருஷம் கிடைத்தது. ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் நானே வேண்டாமென்றேன். அட, அதற்கா இவ்வளவும் என்று இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

மத்தியானம் நீதிபதி முற்றத்துக்கு இறங்கினார். பின்னால் இரண்டு தரப்பும், அதற்குப் பின்னால் பியோனும் நானும், விலங்கோடு எதிரியும். படியிலே ஒரு மான் நின்றது. பியோன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாழைப்பழத் தோலை வழக்கம்போலப் படியடியில் போட்டிருந்தார். மான் நீதிபதியையும் பார்த்தது, தோலையும் பார்த்தது, தோலைத் தின்றது. நீதிபதி அதன் கழுத்தைத் தொட்டார். அது நகரவேயில்லை. "குறித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் அந்த வேலியைப் பார்த்தேன், பைப்பைப் பார்த்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்தது. சொல்லவில்லை.

தீர்ப்பு நீளமில்லை. முந்திய சாட்சியம் சட்டப்படி ஏற்கப்பட்டது. இந்த வளவின் மான்கள் ஆட்களுக்கு மிக அண்மையில் நிற்கும் வழக்கம் உடையவை என்பதைக் கோடு தன் கண்ணாலேயே கண்டது. ஆகவே சாட்சி எதிரியை நன்றாக அடையாளம் காணக்கூடிய தூரத்தில் நின்றார். குற்றவாளி. இதை எதிரிக்கு நான் தமிழில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, பழக்கம். அவர் வள்ளத்துக்கு நெருப்பு வைத்தாரா இல்லையா என்று எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. சாட்சி கண்ட தூரம் மட்டும் எனக்குத் தெரியும்.

தண்டனைக்கு முன்னர் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார் நீதிபதி. கேட்டேன். எதிரி நீதிபதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஐயா, அந்த மான் வேலியடியில நிண்டதை நான் கண்டனான். நீங்களும் கண்டனீங்கள். நானும் நீங்களும் ஒண்டாத்தான் பாத்துச் சிரிச்சனாங்கள். இவருக்கு அதைச் சொல்லுங்கோ."

"என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: "செய்ததற்கு வருந்துகிறார், ஐயா. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், இரக்கம் காட்டும்படி கேட்கிறார்."

கோட்டுக்குள் இரண்டு மொழியும் தெரிந்த காதுகள் என்னுடையதைத் தவிர முக்கியமாக ஒரு சோடிதான். பிரக்கிராசியார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

நீதிபதியின் முகம் அன்றைக்கு முதல்தரம் இளகியது. மூன்று வருஷம் கொடுக்க இருந்ததாகவும், கடைசி நேரத்திலாவது குற்றத்தை உணர்ந்தபடியால் இரண்டு வருஷமாகக் குறைப்பதாகவும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னபோது எதிரி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தான் சொன்னதை நான் சொல்லி, அதைக் கேட்டுத்தான் நீதிபதி குறைத்தார் என்று நினைத்துவிட்டார்.

வெளியே வரும்போது பிரக்கிராசியார் என் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன் முதலியார் நீர். அவன் சொன்னதைச் சொல்லியிருந்தால் மூண்டு வருஷம்."

நல்ல கதை! ஒரு மனிதனின் வாயிலிருந்ததை எடுத்துவிட்டு, அவன் செய்யாத ஒப்புதலை வைத்ததற்கு ஒரு வருஷம் லாபமாம். அந்த ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ இரவு நித்திரை கொண்டேன். பொய் சொல்லக்கூடாது, நித்திரை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் என் வீட்டைத் தேடி வந்தார். இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில், பனையோலைப் பையில் ஒரு பெரிய பாரை மீன்.

"நான் கேட்டதுக்குச் சொன்னீங்கள் ஐயா. நீங்கள் கதைச்சபடியாத்தான் ஒரு வருஷம் குறைஞ்சதெண்டு பிரக்கிராசியார் சொன்னவர். எங்களுக்காக அந்தப் பெரிய கோட்டில ஆர் வாய் திறப்பினம்?"

"அது என்ர கடமை, பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல? உண்மையைச் சொல்லி அந்தப் பெண்ணின் ஆறுதலையும் பறிக்கவேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தோல் தப்புவதற்கு நான் எப்போதும் நல்ல காரணம் கண்டுபிடிப்பவன். என் மனைவி குசினியிலிருந்து வந்து மீனை வாங்கினார். இவ்வளவு புது மீன் சந்தையில் எங்கே கிடைக்கிறது என்று அதிசயப்பட்டார். பாதி குழம்பு, பாதி பொரியல். எனக்கு இரண்டாம் முறையும் சோறு போட்டார்.

அந்த மனிதர் மறியலால் வெளியே வந்து இப்போதும் கடலுக்குப் போகிறார். மீன் சந்தையில் என்னைக் காணும்போதெல்லாம், மடித்துக் கட்டியிருக்கும் சாரத்தை இறக்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களிடம், "இந்த ஐயாதான் எனக்காகச் சொன்னவர்" என்பார். பிறகு தட்டில் கிடப்பதில் திறமான மீனை எடுத்து என் பையில் போடுவார். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.